தண்ணீர்ப் புகாருக்குக் குப்புராஜ்

குப்புராஜுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்பது தையல்நாயகிக்குத் தெரியவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சங்கரா மீன் குழம்பில்.

மீன் தின்பதில் அவனை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆள் கிடையாது. சதையை உருவிவிட்டு நடுமுள்ளைச் சீப்பு மாதிரி தட்டோரம் வைத்துவிட்டு எழுந்துபோவான். அன்றைக்கு முதல் கவளத்திலேயே முள் சிக்கிக்கொண்டது. வெறும் சோற்றை உருட்டி விழுங்கினான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு தண்ணீர்ச் சொம்புக்குக் கை நீட்டினான். தையல்நாயகிக்கு என்னவோ தோன்றியது. சத்தமில்லாமல் சொம்பை ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்தினாள். அவன் கை பழைய இடத்தையே தடவிக்கொண்டிருந்தது.

"யோவ், கண்ணு தெர்லியா ஒனக்கு?"

"வெயில்லேர்ந்து வந்தேன்ல. உள்ள இருட்டா கீது."

"மணி ரெண்டு. வாசக்கதவு தொறந்துகினு கீது. இன்னாயா இருட்டு?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவள் எழுந்து கை கழுவிவிட்டு அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். சைடு பார்வ போச்சி. நேரா மட்டும் தெரியுது, பைப்புக்குள்ள கண்ண வெச்சி பாக்கறாப்ல. அதுவும் இப்ப சுருங்கிகினே வருது."

"ரெண்டு வருசமா வேலைக்கி எப்டியா போன?"

"அதுக்கு கண்ணு இன்னாத்துக்கு?" என்றான் குப்புராஜ்.

அவன் சொன்னது வீம்பு இல்லை. நாவலங்கரணை நகராட்சியில் இருபத்தொரு வருஷமாக அவன் வால்வு ஆபரேட்டர். ஊரில் அந்தப் பேர் யாருக்கும் தெரியாது. 'தண்ணி தொறக்கிறவரு' என்றால்தான் தெரியும். விடிவதற்கு முன்னால் ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்புவான். தெருமுனைக் குழிக்குள் சாவியை விட்டு, எத்தனை சுற்று என்று எண்ணிச் சுற்றுவான். பள்ளிக்கூடத் தெருவுக்குப் பதினேழு. ஏரிக்கரைத் தெருவுக்கு ஒன்பதரை. பத்துச் சுற்றினால் கீழ்த்தெருவில் குழாய் பிய்த்துக்கொள்ளும். தண்ணீர் ஏறும் சத்தம் சாவியின் வழியாகக் கைக்கு வரும். அவன் அப்பன் காலத்தில் அங்கேயெல்லாம் நெல் விளைந்தது. எந்தப் பக்கம் மேடு, எங்கே மடை இருந்தது என்று சின்ன வயதிலேயே கால் பழகிய நிலம். வயல் மனைகளான பிறகும் மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும்தான் இருந்தன. தண்ணீருக்குப் பட்டா தெரியுமா என்ன?

ஆனால் மூடி போடாத குழியைப் பார்க்கக் கண் வேண்டும். அடுத்த மாதமே, மழை பெய்த ஒரு விடியற்காலையில், கேபிள்காரர்கள் தோண்டி வைத்திருந்த பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான்.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரியில் டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போய்விட்டது, போனது திரும்பாது. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அந்த ஆடி மாதம் முடிவதற்குள் மிச்சமிருந்த பைப்பும் அடைத்துக்கொண்டது. பகல் எது, இரவு எது என்கிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஆள் தெரியவில்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு எழுதிப் போட்டுவிட்டு, தாம்பரத்தில் ரயிலிலிருந்து இறங்கும்போது தையல்நாயகி அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் உதறவில்லை.

•

நகராட்சி மேலாளர் பத்ரி ஒரு சனிக்கிழமை சாத்துக்குடிப் பையோடு வந்தார். பின்னாலேயே பக்கவாட்டில் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில் ஜென்சி வந்தாள். ஆபீசில் பணியாளர் ஃபைல்களைப் பார்க்கிற இளநிலை உதவியாளர். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவள். ஊன்றுகோலை வாசலில் தட்டி மண்ணை உதறிவிட்டு உள்ளே வந்தாள்.

வீட்டின் பாதியை மாவு அரைக்கிற கிரைண்டர் அடைத்திருந்தது. தையல்நாயகி இட்லி மாவு அரைத்து பீர்க்கன்கரணை வரைக்கும் கடைகளுக்குப் போடுகிறவள். கிரைண்டரை நிறுத்திவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பாரு குப்புராஜ், உன்ன இருபது வருஷமா பாக்கறேன்," என்றார் பத்ரி. அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "இனிமே வால்வு கீல்வுன்னு அலையறது நடக்கற காரியமா? உடம்பு முடியல, ஓய்வு குடுங்கன்னு நீயே ஒரு லெட்டர் குடுத்துடு. பென்ஷன் வரும். ஓவியாவுக்குக் கருணை அடிப்படையில வேலைக்கு நானே ஃபைல் போடறேன். படிச்ச பொண்ணு. ஏ.சி. ரூம்ல உக்காருவா."

தையல்நாயகி கதவோரம் நின்றிருந்தாள். மகளுக்கு வேலை என்றதும் அவள் மனசு அந்தப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டது. ஓவியா தாம்பரத்தில் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க சார் போடணும்?" என்று குப்புராஜ் கட்டுப்போட்ட கையை நீட்டினான்.

"இப்பவே வேணாம்பா. திங்கக்கிழமை வாங்கிக்கறேன். ஜென்சி, அந்த ஃபாரத்தக் குடும்மா."

ஜென்சி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பத்ரி காப்பி குடித்துவிட்டு எழுந்தார். ஜென்சி எழவில்லை.

"சார், நீங்க போங்க. நான் அக்காகிட்ட ரெண்டு பாக்கெட் மாவு வாங்கிட்டு வரேன்."

பத்ரியின் பைக் சத்தம் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்தாள். பிறகு குப்புராஜின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணா, அந்த பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க."

"ஏம்மா? நீதான குடுத்த?"

"குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். அது என் வேல. இது என் வேல இல்ல, ஆனா சொல்றேன். வேலையில இருக்கறப்ப ஒருத்தருக்குக் கண்ணோ காலோ போனா, அரசு ஆபீஸ் அவர வேலைய விட்டு அனுப்பக்கூடாது. பதவியக் கொறைக்கக்கூடாது. அந்த வேல செய்ய முடியலன்னா, அதே சம்பளத்துல வேற வேலைக்கு மாத்தணும். வேற எடம் இல்லன்னா, புதுசா ஒரு எடம் உண்டாக்கி வெச்சிக்கணும், ரிட்டயர் ஆகற வரைக்கும். நாடு முழுக்க ஒரே சட்டம். ரெண்டாயிரத்துப் பதினாறுல வந்தது. இருபதாவது பிரிவு."

"சார் இத்த சொல்லவேல்லியே?" என்றாள் தையல்நாயகி.

"அவர் கெட்டவர் இல்லக்கா. அவருக்குத் தெரிஞ்ச வழி அது. பொண்ணுக்கு வேலன்றது அவர் கையில இல்ல. ஃபைல் போடுவார். வரலாம், வராமலும் போகலாம். ஆனா அண்ணாவா விரும்பி எழுதிக் குடுத்துட்டா அப்பறம் சட்டம் வந்து காப்பாத்தாது."

குப்புராஜ் சிரித்தான். "கண்ணு தெரியாத ஆள வெச்சிகினு அவுங்க இன்னாம்மா பண்ணுவாங்க?"

"அத அவங்க யோசிக்கட்டும். அவங்களுக்காக நீங்க எதுக்குண்ணா யோசிக்கறீங்க?"

தையல்நாயகி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஜென்சி ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நூறு பேர எடுத்தா அதுல நாலு பேர் எங்கள மாதிரி இருக்கணும்னு அதே சட்டத்துல இருக்கு. அந்த நாலுல ஒருத்தியா வந்தவ நான். பரீட்ச எழுதித்தான் வந்தேன். வந்த அன்னிக்கு என்ன பண்ணாங்க தெரியுமா? கவர் ஒட்டச் சொன்னாங்க. 'உனக்கு எதுக்கும்மா சிரமம், ஒக்காந்த எடத்துல ஒட்டு'ன்னாங்க. எட்டு மாசம் பசையும் கையுமா இருந்தேங்கா. தெனம் காலையில போய், 'சார் ஃபைல் குடுங்க, சார் ஃபைல் குடுங்க'ன்னு நிப்பேன். என் தொல்ல தாங்காம குடுத்தாங்க. இப்ப நான் ரெண்டு நாள் லீவு போட்டா ஆபீஸ் நின்னு போகுது."

மாவு பாக்கெட்டை வாங்கிக்கொண்டு, காசு வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல் கொடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

•

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் கிரைண்டரும் ஓடியது, சண்டையும் ஓடியது.

"அந்த கையெழுத்த போட்டுடுயா," என்றாள் தையல்நாயகி, உளுந்தைக் கையால் தள்ளிவிட்டுக்கொண்டே. "நாளிக்கி நீ ரோட்ல போய் எங்கனா அடிபட்டா நான் இன்னா பண்றது? பொண்ணுக்கு ஒரு வழி பொறந்தாப்லயும் இருக்கும்."

"எனக்கு வழி நான் பாத்துக்கறேம்மா," என்று ஓவியா உள்ளேயிருந்து சொன்னாள். "அப்பா ஒண்ணும் எந்திரிச்சிப் போய் எனக்கு சீட்டு குடுக்க வேணாம். அப்டி வந்த வேலைக்கி தெனம் எப்டிப் போவேன்? இந்த நாக்காலி எங்கப்பா கண்ணு போனதால வந்துச்சின்னு நெனச்சிகினே ஒக்காரணுமா?"

"நீ வாய மூடு. ஒனக்கு இன்னா தெரியும்?"

"ஜென்சிக்கா சொன்னது ஃபோன்ல கீது. தமிழ்லயே கீது. படிக்கட்டா?"

அவள் படித்தாள். சட்டத் தமிழ் கரடுமுரடாக இருந்தது. குப்புராஜ் ஒரு வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னான். பிறகு கிரைண்டரை நிறுத்தச் சொன்னான்.

"தையலு, அந்த சார் எழுதச் சொல்றது இன்னா? ஒடம்பு முடியாதவன்னு. எனக்கு இன்னா முடியல? இங்க குந்திகினே சொல்றேன், ஸ்கூல் தெரு லைன் இப்ப ஓடுது. ஆனா எனக்கு பதிலா வந்த ஆளு பாதிதான் தொறந்து கீறான். எதுத்த வூட்டு கொழா விட்டு விட்டு ஊதுது பாரு, கேக்குதா?"

அவளுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கிரைண்டர் நின்ற வீட்டில், கூர்ந்து கேட்டபோது, எதிர்வீட்டுக் குழாய் விட்டுவிட்டு மூச்சு வாங்குவது கேட்டது. இருபது வருஷம் அவனோடு குடும்பம் நடத்தியவள். அவன் வேலைக்குப் போய்விட்டு வருகிறவன் என்று மட்டுமே நினைத்திருந்தாள். அவனுக்குள் ஒரு ஊரே குழாய் குழாயாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப எழுதாத," என்றாள். "வர்றது வரட்டும்."

மனு எழுத ஜென்சி வந்தாள். பிரிவு, உட்பிரிவு என்று பக்கம் நிறைய எழுதினாள். குப்புராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் கீழ போடும்மா. மேல நான் சொல்ற மாதிரி போடு," என்றான். அவன் சொன்னது இரண்டே வாக்கியம். ஜென்சி பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுதினாள்:

'எனக்குக் கண் தெரியாது. வேலை தெரியும்.'

•

மனு மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. பத்ரி முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரே சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இப்படி ஒண்ணு இருக்கறது எனக்கே தெரியாதும்மா," என்று ஜென்சியிடம் சொன்னாராம். அந்த நாலு மாதத்தில் குப்புராஜ் வெள்ளைக் கோல் பிடித்து நடக்கப் பழகினான். ஜென்சி விசாரித்துச் சொன்ன ஒரு பயிற்சியாளர் பத்து நாள் வந்து, தரையைத் தட்டி இடம் அறிவது எப்படி, பஸ் சத்தம் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டு ரோடு கடப்பது எப்படி என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார். ஆபீஸ் நடக்கிற தூரம்தான், அந்த வழியிலேயே தனியாக நடந்து பழகினான். முதல் வாரம் தையல்நாயகி இருபது அடி பின்னாலேயே, சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனாள்.

"பின்னாடி வர்றது தெரியும்," என்றான் அவன் ஆறாம் நாள். "மாவு வாசன வருது."

மார்கழியில் ஆணை வந்தது. உபரிப் பணியிடம் ஒன்றை உருவாக்கி, அதே சம்பளத்தில் அவனை அமர்த்தியிருந்தார்கள். அன்று தையல்நாயகி கேசரி கிண்டித் தெருவில் பத்து வீட்டுக்குக் கொடுத்தாள்.

கேசரி இனிப்பு ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

ஆபீசில் தரைத்தளத்து அறை ஒன்றில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். பத்ரியே கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைப்பார். வேளைக்கு டீ வரும். சாயங்காலம், "கெளம்பலாம் குப்புராஜ்," என்பார்கள். வேலை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. கேட்டால், "நீ வந்ததே போதும்பா," என்றார்கள்.

"இன்னிக்கி இன்னா வேல செஞ்ச?" என்று அவள் கேட்பாள்.

"மூச்சி உட்டேன்."

வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்த நாலு மாதத்தில்கூட அவன் இவ்வளவு வாடவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தால்கூட இரண்டு வாயோடு எழுந்துவிடுவான். ஜென்சியிடம் அவள் அழுதாள். ஜென்சி அலட்டிக்கொள்ளவில்லை.

"அவங்க சட்டத்துல பாதிதான் படிச்சிருக்காங்கக்கா. சம்பளம் குடுன்ற வரைக்கும் படிச்சாங்க. வேல குடுன்றத இன்னும் படிக்கல. படிக்க வெப்போம். ஆனா என்ன வேலன்னு அண்ணாதான் சொல்லணும்."

•

சித்திரை வெயில் அந்த வருஷம் பங்குனியிலேயே வந்துவிட்டது. ஏரி பாளம் பாளமாக வெடித்தது. ஊர் முழுக்கத் தண்ணீர்க் குரல். ஒரு நாள் மத்தியானம் தையல்நாயகி சாப்பாட்டுத் தூக்கோடு ஆபீசுக்குப் போனாள். அறையில் குப்புராஜைத் தவிர ஆளில்லை. எல்லாரையும் வரி வசூலுக்கு அனுப்பியிருந்தார்கள். மூலையில் இருந்த புகார் ஃபோன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

"யாரும் எடுக்க மாட்டாங்களா?"

"அதுக்கு ஆளு கெடையாது. அடிச்சி அடிச்சி நிக்கும்."

மூன்றாம் முறை அடித்தபோது அவன் எழுந்தான். மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே போய் எடுத்தான்.

"சொல்லுங்க... ஆமா, தண்ணி ஆபீஸ்தான். எந்தத் தெரு? மாதா கோயில் தெருவா? எத்தினி நாளா வர்ல? மூணு நாளா? சரி, கத்தாதீங்கம்மா. ஒண்ணு பண்ணுங்க. தெருக் கொழாய தொறந்து, வாயில உள்ளங்கைய வெச்சி அடைங்க. கைய உள்ள இழுக்குதா, வெளிய தள்ளுதா?"

அந்தப் பக்கம் யாரோ ஓடுவதும், குழாய் திருகுவதும் கேட்டது.

"உள்ள இழுக்குதா. அப்ப தண்ணி கெளம்பவேல்ல, லைன் வடிஞ்சிகினு கீது. மேல வால்வு மூடி கீது. நான் பாக்கறேன். ஃபோன் நம்பர் சொல்லுங்க."

நம்பரை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து மனசில் ஏற்றிக்கொண்டான். தையல்நாயகி தூக்கைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

அவன் இடத்தில் இப்போது வால்வு திறப்பவர் லாசரஸ். ஒப்பந்த ஆள், ஐம்பது வயது, சொந்த ஊரில் பம்ப் செட் பார்த்தவர். குப்புராஜ் ஃபோன் செய்ததும் நேரே ஆபீசுக்கே வந்துவிட்டார், இரும்புச் சாவியோடு.

"இன்னா குப்பு, மூடி கீதுன்றியா? மூணு நாளா காலைல நாலரைக்கி நாந்தான் தொறக்கறேன். முழுசா, இறுக்கித் தொறக்கறேன். ஒக்காந்த எடத்துல ஜோசியம் பாக்கறியா?"

"எந்தப் பக்கம் சுத்தற?"

"எந்தப் பக்கம் சுத்துவாங்க? எடப்பக்கம். எல்லா வால்வும் எடப்பக்கம் சுத்துனா தொறக்கும், வலப்பக்கம் சுத்துனா மூடும். கொழந்தைக்கித் தெரியும்."

"மாதா கோயில் தெருவுக்கு வால்வு மாத்தினாங்களே, போன வாரம்?"

"புதுசு எங்க? ஸ்டோர்ல கெடந்த பழசு ஒண்ண போட்டாங்க."

"அது எடங்கை வால்வு லாசரு. பழைய மார்க்கெட் தெருவுலேர்ந்து கழட்டினது. இந்த ஊர்ல அது ஒண்ணுதான் எதிர்ப்பக்கம். வலப்பக்கம் சுத்துனாதான் தொறக்கும். நீ தெனம் காலைல எந்திரிச்சி போயி, இறுக்கி மூடிட்டு வந்துகினு கீற."

லாசரஸ் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெயிலில் இறங்கிப் போனார்.

தையல்நாயகி சோற்றைப் போட்டாள். அவன் சாப்பிடவில்லை, காதை ஃபோன் பக்கமே வைத்திருந்தான். அரை மணியில் அடித்தது.

"குப்பு." லாசரஸின் குரல் ஃபோனுக்கு வெளியேயும் கேட்டது. பின்னால் பெண்கள் கூச்சலும் குடம் இடிபடும் சத்தமும். "வந்துட்ச்சிப்பா. பொங்கிகினு வருது. இந்தப் பொம்பளைங்க என்ன கும்புடறாங்க. நான் இன்னா சொல்றது?"

"கும்புடட்டும். நீ பதினாலு சுத்தோட நிறுத்து. மேல போனா கீழ்த்தெருவுக்குப் பத்தாது."

அப்புறம்தான் சாப்பிட்டான். கத்தரிக்காய்க் காரக்குழம்பு. வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கீதா?" என்று கேட்டான். தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயிலுக்கு வியர்த்ததாக இருக்கும்.

மறுநாளிலிருந்து அந்த ஃபோனை அவன் விடவில்லை. யாரும் கொடுத்த வேலை இல்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு அம்மா, தண்ணீர் வரவில்லை என்று கால் மணி நேரம் திட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, பின்னாடி ஒரு மோட்டார் சத்தம் கேக்குதே, யார் வூடு?" என்றான். அந்தப் பக்கம் மோட்டார் நின்றது. "இப்ப பக்கத்து வூட்ல எல்லாம் வரும் பாருங்க. லைன்ல மோட்டார் போடக்கூடாதும்மா," என்றான் மரியாதையாகவே.

நீர்ப் பிரிவின் உதவிப் பொறியாளர் தபஸ்ஸும் மாதக் கடைசியில் புகார்க் கணக்கைப் பார்த்தபோது, வெயில் ஏறியும் புகார் பாதியாகக் குறைந்திருந்தது. காரணம் கேட்டுக் கீழே இறங்கி வந்தவர், அறை வாசலிலேயே நின்று இருபது நிமிஷம் அவன் பேசுவதைக் கேட்டார்.

"குப்புராஜ், பைப் லைன் மேப் ஆபீஸ்ல இருக்கே, அதுவும் நீங்க சொல்றதும் சில எடத்துல ஒத்து வரலையே?"

"மேப்பு தப்பு மேடம்."

கூச்சமில்லாமல் சொன்னான். அதை எப்படிக் காட்டுவது என்று வீட்டில் ஓவியா யோசித்தாள். பெரிய அட்டையொன்றில் தெருக்களைக் கோடு போட்டு, குழாய் போகிற வழியெல்லாம் சணல் கயிற்றை ஒட்டினாள். வால்வு இருக்கிற இடத்தில் சட்டைப் பித்தான். குப்புராஜ் விரலால் தடவித் தடவி, "இது இங்க இல்ல, அந்த முக்கு," என்று பிய்த்து ஒட்டச் சொன்னான். நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. தபஸ்ஸும் அதை எடுத்துக்கொண்டு போய்ச் சந்தேகப்பட்ட இடங்களைத் தோண்டிப் பார்த்தார். பதினொரு இடத்தில் ஆபீஸ் படம் தப்பு, அட்டை சரி.

ஜென்சி காத்திருந்தது இதற்குத்தான். ஒரு பக்கக் குறிப்பு எழுதி மேலே அனுப்பினாள். உபரி என்கிற சொல் போயிற்று. குடிநீர்ப் புகார் மையம் என்று எழுதி, பொறுப்பில் குப்புராஜின் பேர் வந்தது. வருகிற நம்பரை வாய்விட்டுச் சொல்கிற ஃபோன், பேச்சைப் பதிந்து எழுத்தாக்குகிற கம்ப்யூட்டர், நடைபாதையில் இடறாமல் இருக்க ஒழுங்கு செய்த வழி. "இதுக்கு சட்டத்துல நியாயமான வசதின்னு பேரு. தயவு இல்ல," என்று பத்ரி புதிதாக வந்த ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்ததை ஜென்சி கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க மாடிக்கு ஓடினாளாம். அவள் ஓட்டம் ஓட்டம் இல்லைதான். 'ஓடினேன்' என்று அவளேதான் சொன்னாள்.

•

டிசம்பர் மூன்றாம் தேதி மாற்றுத்திறனாளிகள் தினம். ஆபீஸ் மாடி மண்டபத்தில் விழா. குப்புராஜுக்குப் பொன்னாடை போர்த்துவதாக நோட்டீசிலேயே போட்டிருந்தார்கள். தையல்நாயகி கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, ஓவியாவோடு பத்து மணிக்கே வந்துவிட்டாள். மூன்று நாளாக விடாத மழை. புடவைக் கரையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு தேங்கிய தண்ணீரில் நடந்து வந்திருந்தாள்.

குப்புராஜ் புதுச் சட்டையில், ஃபோனில் இருந்தான்.

"கலங்கலா கீதா, நாத்தம் அடிக்குதா? ரெண்டுமா? எத்தினி வூட்ல? யாரும் குடிக்க வேணாம்னு பக்கத்துல சொல்லுங்க, பாட்டில்ல கொஞ்சம் புடிச்சி வையுங்க..." அதை வைப்பதற்குள் அடுத்தது அடித்தது. ஏரிக்கரைத் தெரு. சாக்கடை கலந்திருக்கிறது. இன்னொரு ஃபோனில் லாசரஸை அழைத்தான். "லாசரு, எங்க கீற? ஒடனே ஒன்பதாம் நம்பர் வால்வ மூடு. இல்ல, பாலத்தாண்ட கீறது. தண்ணில முழுகி இருந்தா கோலு விட்டுப் பாரு, பெட்டிக்கடைக்கி நாலு தப்படி கெழக்கால."

"யோவ், மேல கூப்புடறாங்க," என்றாள் தையல்நாயகி.

"ஜென்சிய போகச் சொல்லு."

"நானும் போகலண்ணா," என்றாள் வாசலில் நின்ற ஜென்சி. "பாதி ஃபைல்ல இருக்கேன். நீங்களாவது போவீங்கன்னு பாத்தேன்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். தபஸ்ஸும் கையில் மடித்த பொன்னாடையோடு வேகமாக இறங்கி வந்தார். "குப்புராஜ், சேர்மன் வந்துட்டார். அஞ்சே நிமிஷம், வந்துட்டுப் போயிடலாம்."

"மேடம், கீழ்ப்பக்கம் மூணு தெருவுல சாக்கட கலந்துட்ச்சி. ஒன்பதாம் நம்பர் மூடிட்டேன்னு லாசரு கொரல் வர்ற வரைக்கும் என்னால எந்திரிக்க முடியாது. குழந்தைங்க கீற வூடு மேடம் அதெல்லாம்."

தபஸ்ஸும் கையிலிருந்த பொன்னாடையை ஃபைல் அடுக்கின் மேல் வைத்தார். எதிரில் கிடந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"வீட்டு நம்பரெல்லாம் சொல்லுங்க. நான் எழுதறேன். லாரிக்குச் சொல்லணும்."

குப்புராஜ் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். ஓவியா வாங்கி லாரி ஆபீசுக்கு அழைத்தாள். தையல்நாயகி நனைந்த பட்டைப் பிழிந்துவிட்டு, இரண்டாவது ஃபோன் அடித்தபோது யாரையும் கேட்காமல் எடுத்தாள். "தண்ணி ஆபீஸ்தாங்க. எந்தத் தெரு சொல்லுங்க," என்றாள்.

மாடியில் மைக்கில் குப்புராஜ் பேரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் கேட்டது. மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை, சற்று உரக்க.

"இங்கதாங்க கீறேன்," என்றான் குப்புராஜ், ஃபோனில் இருந்த அம்மாவிடம். "நீங்க லைன வெச்சிடாதீங்க."